ஒயில் மேலே வரும்வரை

பிரித்துக் கட்டிய இஞ்சினுக்கு ஆகக் கெட்ட நேரம், அது முதன்முதலாக ஓடத் தொடங்கும் அந்தச் சில விநாடிகள்தான். சேற்றுக்குள் பாரம் இழுக்கும்போதுகூட அவ்வளவு ஆபத்தில்லை. கலைப்பீடத்தில் இதை எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. இந்தப் புரட்டாதியில், பரந்தன் பக்கம் ஒரு கராச்சில், எங்கட வீட்டு மெசி பெர்குசன் 135க்குப் பக்கத்தில் ஒரு பின்னேரம் முழுக்க நின்றுதான் அறிந்துகொண்டோம்.

135 என்பது 1964 தொடக்கம் 1975 வரை செய்யப்பட்ட மொடல். வன்னியில் அது இன்னும் உழுகிறது. எங்கட மெசினுக்குள் இருப்பது மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் டீசல் இஞ்சின். 2008 கடைசியில் அதன் பெட்டியில் ஏறித்தான் குடும்பமாகக் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டோம். தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கொண்டுபோய், கடைசியில் முள்ளிவாய்க்காலில் விட்டுவிட்டு வந்தோம். மெனிக் பாமில் இருந்து ஊர் திரும்பிய பிறகு, மெசினின் புத்தகத்தைக் காட்டி, துருவேறிய கோதாக அப்பா அதை மீட்டெடுத்தார். அப்போது ஒருமுறை இஞ்சினைப் பிரித்துக் கட்டினது. இது இரண்டாம் முறை.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. லேத்தில் கிராங்கின் தேய்ந்த இடங்களை வெட்டி மட்டமாக்கும்போது பத்து, இருபது, முப்பது என்று அளவு சொல்வார்கள். அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் அத்தனை பங்கு. வெட்டின அளவுக்கு ஏற்றமாதிரித் தடித்த பெயாரிங் போடவேண்டும். முப்பதைத் தாண்டினால் பெயாரிங் இல்லை, வேறு கிராங்தான் தேடவேண்டும். எங்கட கிராங் முதல்முறை பத்துக்கு வெட்டுப்பட்டது, இந்தமுறை இருபதுக்கு. மிச்சம் இருப்பது ஒரே ஒரு தரம். 2022 இல் ரூபா விழுந்த பிறகு உதிரிப்பாகங்களின் விலை எல்லாருக்கும் தெரியும். இந்தமுறைச் செலவுக்கே அம்மாவின் காப்பு வங்கிக்குப் போயிருந்தது.

ஓடுகிற இஞ்சினில் கிராங் பெயாரிங்கில் முட்டுவதில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு தலைமயிர் அளவு இடைவெளி, அதற்குள் ஒயில். சுற்றுகிற கிராங் அந்த ஒயில் படையில்தான் மிதக்கிறது. அடிச்சட்டியில் இருந்து பம்ப் ஒயிலை இழுத்து, பில்டருக்கால் விட்டு, இஞ்சின் உடம்புக்குள் இருக்கிற நீளமான வழிக்கு அனுப்பும். அங்கிருந்து கிளை பிரிந்து எல்லா இடத்துக்கும் போகும். வாய்க்கால் மாதிரித்தான்: இரணைமடுவில் கதவு திறந்தவுடன் கடைசி வயலுக்குத் தண்ணி வந்துவிடாது. புதிதாகக் கட்டிய இஞ்சினில் அந்த வழி முழுக்கக் காற்று. பூட்டும்போது பூசிய ஒயில் மட்டும்தான் துணை. எங்கட இஞ்சின் டீசல் பம்ப் வேலைக்காக மூன்று கிழமை கிடந்ததில் அதுவும் வழிந்து போயிருந்தது.

அப்பாவுக்கு அவசரம். மானாவாரிக் காணிக்காரர் புழுதி விதைப்புக்கு உழவு கேட்டுக் காத்திருந்தார்கள். "தம்பி, ஒருக்கா அடிச்சுப் பாப்பமே?" என்றார்.

"பொறுங்கோ ஐயா. இப்ப அடிச்சாலும் ஸ்ராட் வரும். பிழை இப்ப தெரியாது, தைக்குள்ள தெரியும்" என்றார் மெக்கானிக் அண்ணை.

முதலில் பில்டருக்குள் ஒயில் நிரப்பிப் பூட்டினார். சில இஞ்சின்களில் ஒயில் பம்பை மட்டும் வெளியில் இருந்து ட்ரில்லால் சுழற்றலாமாம். இதில் பம்ப் உள்ளே, கிராங்கின் முன்பக்கத்துப் பற்சில்லோடு இருப்பதால் அது சரிவராது. ஆகவே ஒயில் மீற்றரைக் கழற்றி, அந்தத் துளையில் மருந்தடிக்கிற தாங்கி ஒன்றின் குழாயைப் பொருத்தினார். மருந்து ஒருநாளும் படாத புதுத் தாங்கி. அதற்குள் வெயிலில் வைத்து இளக்கிய ஒயில். அவர் பம்ப் அடிக்க, உதவிக்கு நின்ற பெடியன் முன்னால் சாவி போட்டுக் கிராங்கை மெல்ல மெல்லத் திருப்பினான். உள்துளைகள் ஒன்றோடொன்று நேர்வரும்போதுதான் ஒயில் எல்லா இடத்துக்கும் போகுமாம்.

"பிள்ளையள், லைற்றை மேல பிடியுங்கோ."

மூடி கழற்றிய இஞ்சின் தலையில், ரொக்கர் வரிசையைப் போன் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டு நின்றோம். கனநேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு ரொக்கரின் அடியில் மினுக்கம். பிறகு அடுத்ததில். தேன் நிறத்தில் ஒயில் கசிந்து வழிந்தது. அப்பா வாங்கில் இருந்து எழும்பி வந்து பார்த்தார்.

அதோடும் முடியவில்லை. மீற்றரைத் திரும்பப் பூட்டி, நொசில்களைக் கழற்றியபடியே விட்டு, ஸ்ரொப் கம்பியை இழுத்துவைத்து ஸ்ராட்டரை அடித்தார். நொசில் இல்லாததால் சிலிண்டருக்குள் அமுக்கம் இல்லை, பெயாரிங்கில் பாரமும் இல்லை. டீசலும் போகாது. இஞ்சின் சும்மா சுற்றும். பத்துப் பதினைந்து விநாடி அடிப்பது, ஸ்ராட்டரை ஆற விடுவது, திரும்ப அடிப்பது. மூன்றாம் தரம் மீற்றர் முள் எழும்பியது. அதற்குப் பிறகுதான் நொசில் பூட்டி, டீசலில் காற்றெடுத்து, உண்மையான ஸ்ராட்.

எங்கட ஒழுங்கையில் இன்னொரு மெசின் இருந்தது. லீசிங்கில் எடுத்தது. போன வருசம் இஞ்சின் கட்டி முடித்த அன்றே இழுத்து ஸ்ராட் பண்ணி, அன்றிரவே உழவுக்குப் போனது. தவணைக்கு நாலு நாள்தான் இருந்தது. அறுவடைக்கு முன்னமே இஞ்சின் தட்டத் தொடங்கிவிட்டது. அதில் கழற்றிய பெயாரிங்கை அண்ணை எங்களுக்குக் காட்டினார். மேல்பூச்சு வழித்தெடுத்ததுபோல் போய், அடியில் செம்பு நிறம் தெரிந்தது. மெசினை லீசிங்காரர் கொண்டுபோய்விட்டார்கள். அந்த வீட்டுக்காரருக்கும் ஒயில் விசயம் தெரியாமல் இல்லை. எங்களுக்கு அந்தக் கிழமை தவணை ஒன்றும் இல்லை. அதாலதான் அப்பாவால் ஒரு பின்னேரம் வாங்கில் இருக்க முடிந்தது.

2010 இல் இந்திய அரசு வடக்குக்கு 500 உழவு இயந்திரங்கள் கொடுத்தது. அது செய்தியானது. பழைய மெசின் ஒன்று தொடர்ந்து ஓடுவது செய்தியாவதில்லை. அறிவியல்நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது, விவசாய பீடம் இருக்கிறது, 2016 இல் திறந்த இலங்கை-ஜேர்மன் தொழிற்பயிற்சி நிலையமும் இருக்கிறது. எங்கட அண்ணை தொழில் பழகியது பொருளாதாரத் தடைக் காலத்தில், எரிபொருளே ஒழுங்காக வராத வன்னியில், தன்ர மாமாவிட்டை. எல்லாம் வாய்ச்சொல்லாக வந்தது. தமிழில் எழுதிவைத்த ஒரு பக்கம்கூட அவரிடம் இல்லை. இதை எழுத அதுவும் ஒரு காரணம்.

உங்கட வீட்டிலும் மெசின் கட்டுப்படுகிறதென்றால் மூன்று விசயம் கேளுங்கோ. பூட்டி எத்தனை நாள்? பில்டருக்குள் ஒயில் விட்டதா? டீசல் விட முதல் மீற்றர் முள் எழும்பினதா? முதல் ஒயிலை ஐம்பது மணித்தியாலத்துக்குள் மாற்றச் சொல்லி அண்ணை சொன்னார். அப்பா கொட்டில் சுவரில் கரியால் கணக்கு எழுதுகிறார். இன்றைக்கு முப்பத்தொன்று.