விண்டியும் 42 ஓட்டங்களும்

மாரி தொடங்கினால் என்ர போனில் ரெண்டு பக்கம் எப்பவும் திறந்தே இருக்கும். ஒண்டு விண்டி, மற்றது கிரிக்இன்ஃபோ. உங்களில கனபேருக்கும் அப்படித்தான் இருக்கும். எங்கட குளிர்காலத்தில பனி கொட்டாது. வாடைக்காற்றும் விடாத மழையும்தான். கறண்ட் போய், சிக்னல் ஒரு கோட்டில நிக்கிற இரவில, போர்வைக்குள்ள இருந்துகொண்டு வங்காள விரிகுடாவில சுத்திற காற்றைப் பார்க்கிறது ஒரு தனிச் சுகம். பயமும் இருக்கும், ஆனா பார்க்காமலும் இருக்கேலாது.

2024 நவம்பர் 26 இரவும் அப்படித்தான். பிறகு ஃபெங்கல் எண்டு பேர் வைத்த புயல், அப்ப தாழமுக்கமாக எங்கட கிழக்குக் கரைக்குக் கிட்ட நின்றது. உயர்தரப் பரீட்சையையே ஒத்திவைத்திருந்தார்கள். அப்பா சாக்கைத் தலையில போட்டபடி வாசலில நின்று கேட்டார்:

“பிள்ளை, கீழ் வயல் வரம்பை இப்பவே போய் வெட்டி விடட்டோ?”

நான் ஐரோப்பிய கணிப்பையும் அமெரிக்க கணிப்பையும் மாத்தி மாத்திப் பார்த்தேன். ரெண்டும் ஒண்டையே சொன்னது. “வேண்டாம் அப்பா, விடியப்புறம் மழை குறையும்” எண்டேன். பெரிய விஞ்ஞானி மாதிரி. அப்பா நம்பிப் போய்ப் படுத்துவிட்டார்.

மழை குறைந்தது உண்மை. ஆனா இரவோடிரவாக மேல குளம் வான் பாய்ந்து, விடிய எழும்பிப் பார்த்தால் கீழ் வயலில நெல் நுனியே தெரியேல்லை. எங்கட தலைக்கு மேல பெய்யிற மழையைத்தான் நான் பார்த்தேன். வேற இடத்தில பெய்து எங்களிட்ட வந்து சேருற தண்ணியை அந்த நிறங்களில தேடவே இல்லை. ஐரோப்பிய கணிப்பில ஒரு கட்டம் கிட்டத்தட்ட 9 கிலோமீற்றர். எங்கட வயல், குளம், கோயில் எல்லாம் அந்த ஒரு கட்டத்துக்குள்ள அடக்கம். அப்பா ஒரு வார்த்தை ஏசேல்லை. அதுதான் எனக்குக் கூட நொந்தது.

28ஆம் திகதி பின்னேரம் அவர் வயலில நிக்க, நான் டேர்பனில நடந்த டெஸ்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கயும் முதல் நாளை மழைதான் குழப்பியிருந்தது. வீடியோ வராத சிக்னலுக்கு பந்துக்குப் பந்து எழுத்தில வாற வர்ணனை ஒரு வரப்பிரசாதம். ஒவ்வொரு தரம் புதுப்பிக்கவும் ஒரு விக்கெட். ஜான்சன் 13 ஓட்டங்களுக்கு 7. இலங்கை 13.5 ஓவரில 42க்கு எல்லாரும் அவுட். 1994இல கண்டியில எடுத்த 71தான் அதுக்கு முந்தி எங்கட ஆகக் குறைஞ்ச எண்ணிக்கை.

அப்பா சேத்துக் காலோட வந்து கிணத்தடியில நின்று, “ஸ்கோர் என்ன?” எண்டார்.

“42. ஓல் அவுட்.”

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். “உதையும் உந்தப் போன் முன்னமே சொல்லேல்லையோ?”

ரெண்டு பேரும் சிரிச்சம். எனக்குப் பாதிச் சிரிப்புத்தான் வந்தது.

இப்பவும் மழை எண்டால் முதல்ல விண்டிதான். பார்த்த கையோட குளத்தடியில இருக்கிற மாமாவுக்கு ஒரு கோல் எடுப்பேன். “மாமா, வான் பாயுதோ?”