பெரிய முயலும் நல்ல முயலும்

நடுவர் குனிந்து முயலின் முதுகில் மெல்ல ஊதினார். மயிர் விலகி, சின்னப் பூ ஒன்று விரிந்தது போலிருந்தது. நுனியில் கருஞ்சாம்பல், நடுவில் செம்பழுப்பு, தோலை ஒட்டிக் கருநீலம். மூன்று வளையங்களும் ஒன்றோடொன்று கலக்காமல் நின்றன. வெள்ளை மேலங்கி அணிந்த நடுவர் ஓர் எண்ணைச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் மதிப்பெண் சீட்டில் குறித்துக்கொண்டார்.

ஜெர்மனியின் ஹெஸ்ஸன் மாநிலத்தில் ஒரு சிற்றூர். நவம்பர் குளிர். ஊர்ச் சமுதாயக் கூடம் முழுக்க வைக்கோல் வாசமும் காபி வாசமும். வரிசையாகக் கூண்டுகள். அவற்றுள் ‘ஜெர்மன் ராட்சதன்’ இன முயல்கள், ஆட்டுக்குட்டி அளவில். பெல்ஜியத்தில் கென்ட் நகரைச் சுற்றியுள்ள ஃபிளெமிஷ் பகுதியிலிருந்து வந்த இனம். ‘பெல்ஜிய ராட்சதன்’ என்றே இங்கும் அழைத்தார்கள். 1937இல்தான் பெயர் மாறியது.

கொடைக்கானல் மலையில் மன்னவனூர் ஆராய்ச்சி நிலையத்தின் வெள்ளை ஜயன்ட் முயல்களை முன்பு பார்த்திருக்கிறேன். அங்கே அக்கறை இறைச்சியிலும் எடையிலும். இங்கே எடை ஒரு பகுதி மட்டுமே. 7 கிலோவும் அதற்கு மேலும் இருக்க வேண்டும், உடல் நீளம் 72 சென்டிமீட்டர் அளவில், காது 19 சென்டிமீட்டர். இவற்றோடு உடலமைப்பு, மயிர், தலை, மேல்நிறம், அடிநிறம், பராமரிப்பு எல்லாம் சேர்த்து மொத்தம் 100 மதிப்பெண். 97ஐத் தொட்டால் ‘மிகச் சிறப்பு’. அரை மதிப்பெண்ணுக்காக ஆண்டு முழுக்க உழைக்கிறார்கள்.

அந்த உழைப்பை மார்ச் மாதத்திலேயே பார்த்திருந்தேன். ஓய்வுபெற்ற தச்சர் ஒருவர், எழுபதைத் தாண்டியவர், தன் வீட்டுக் கொல்லைக்கு அழைத்துப் போனார். மரக்கூண்டுகள் எல்லாம் அவர் கையால் செய்தவை. தரையில் கம்பிவலை கிடையாது, பலகைமேல் கனமாக வைக்கோல். “இவ்வளவு எடையைக் கம்பியில் நிறுத்தினால் பின்னங்கால் பாதம் புண்ணாகிவிடும்” என்றார்.

ஒரு கூண்டில் முந்தின இரவுதான் பெண் முயல் ஈன்றிருந்தது. சினைக்காலம் 31 நாள். அவர் முதலில் அதன் வைக்கோலில் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார். பிறகு ஈற்றுப்பெட்டியின் மேல் கிடந்த மயிரை விரல் நுனியால் விலக்கினார். தாய் தன் வயிற்றிலிருந்தே பிடுங்கிப் பரப்பிய மயிர். அடியில் எட்டுக் குட்டிகள், கண் திறக்காமல், மயிரில்லாமல், ஒன்றின் மேல் ஒன்று துடித்துக்கொண்டு. கட்டைவிரல் நீளம்தான் இருந்தன. ஒவ்வொன்றின் வயிற்றையும் தொட்டுப் பார்த்தார். வயிறு நிரம்பியிருந்தால் தாய் பால் கொடுத்துவிட்டது என்று பொருள். நாளுக்கு ஓரிரு முறை, சில நிமிடங்கள் மட்டுமே அது கூட்டுக்கு வரும். மயிரை முன்பிருந்தபடியே மூடிவிட்டுக் கதவைச் சாத்தினார். அந்த எட்டில் இரண்டுதான் இன்று இந்தக் கூடத்தில் இருந்தன. இடக்காதில் பிறந்த மாதம், ஆண்டின் கடைசி இலக்கம், வரிசை எண். வலக்காதில் சங்கத்தின் குறி. பச்சை குத்திய அந்த எண்களே அவற்றின் பிறப்புச் சான்று.

அந்த இரண்டில், மூத்தவன் என்று தச்சர் செல்லமாக அழைத்த கெடா மேசைக்கு வந்தது. எட்டு மாதத்தில் எட்டு கிலோ. அன்றைய கூண்டுகளில் அதைவிடப் பெரியது இல்லை. நடுவர் பல்லைப் பார்த்தார், நகங்களை எண்ணினார், வயிற்றைத் தடவினார். நம்மூர் மாட்டுச் சந்தையில் தரகர் பல்லைப் பிடித்துப் பார்க்கும் அதே கூர்மை. முயலை நிமிர்ந்து நிற்கவைத்தார். முன்னங்கால்கள் சற்றே வெளிப்புறம் சாய்ந்தன. கழுத்தடியில் அலைதாடி போல ஒரு மடிப்பு. பெண் முயலுக்குச் சிறியதாக இருந்தால் ஏற்பார்கள், கெடாவுக்கு இருக்கக் கூடாது. மதிப்பெண் 95.

அடுத்து அதன் தம்பி. முக்கால் கிலோ குறைவு. ஆனால் கால்கள் கம்பம் நட்டது போல நேராக நின்றன. முதுகுக்கோடு பிடரியிலிருந்து வால் வரை இழுத்துவிட்டது போல ஓடியது. ஊதியபோது பூ விரிந்தது இதன் முதுகில்தான். 97.

சுவரோரம் நின்ற தச்சரின் முகத்தைப் பார்த்தேன். மூத்தவனுக்காக வருத்தமில்லையா என்று கேட்டேன். “சரியாகத்தான் போட்டிருக்கிறார். அந்தக் கால் பிள்ளைகளுக்கும் போனால் அவை நடக்கவே கஷ்டப்படும். உடம்பை வளர்த்துவிட்டுத் தாங்கக் கால் கொடுக்காமல் விடலாமா?”

இன்னும் பெரிது வேண்டும் என்ற ஆசைக்கு அந்த 100 மதிப்பெண் சீட்டு போடும் கடிவாளம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எடைக்கு மட்டுமே பரிசென்றால், மூத்தவனின் கால்கள் தலைமுறை தலைமுறையாகப் பெருகியிருக்கும். அதைத் தடுப்பது அந்தச் சீட்டு மட்டுமல்ல, அதற்குக் கட்டுப்பட்டுத் தான் வளர்த்த முயலின் குறையை ஒப்புக்கொள்ளும் இந்த மனிதரின் மனசும்தான்.

வரும் வசந்தத்தில் இனப்பெருக்கத்துக்குத் தம்பி. மூத்தவன்? “கொல்லையிலேயே இருப்பான்” என்றார். மாலையில் இரண்டையும் பெட்டிக்குள் வைத்தார். ஒரு கை நெஞ்சடியில், ஒரு கை பின்புறத்தில், குழந்தையைத் தூக்குவது போல. மூத்தவனின் பெட்டியில் மட்டும் இன்னொரு கைப்பிடி வைக்கோலைப் போட்டு மூடினார்.