பத்தில் ஒன்று

திணை மயக்கம் என்றால் என்னவென்று வகுப்பில் மாணவர் வினவும்போதெல்லாம் யாம் எம் ஊரையே எடுத்துக்காட்டாகக் கூறுவது வழக்கம். முத்துப்பேட்டையின் வடபால் மன்னார்குடிச் சாலையில் நின்றால் கண்ணுக்கெட்டிய தொலைவும் நெல்வயல். தென்பால் சென்றால் அலையாத்திக் காடு, அதற்கப்பால் கடல். மருதமும் நெய்தலும் அண்டை வீட்டாராய் வாழும் அவ்வூரில் முஸ்லிம்களே மிகுதி. கடல் கடந்து பொருளீட்டியோர் பலர் உளர். வரப்பை விட்டு அகலாதோரும் உளர். எம் அத்தா இரண்டாம் வகையினர்.

நீடாமங்கலத்தருகே வெண்ணாற்றினின்று பிரியும் கோரையாறும் பாமணியாறும் எம் ஊர்ப்பக்கம் வந்தே காயலில் கலக்கின்றன. எனவே எமது நிலம் கடைமடை. மேட்டூர் அணை திறந்த செய்தியைச் செய்தித்தாளில் படித்துவிட்டு, தண்ணீரைக் காணப் பல நாள் காத்திருக்க வேண்டும். குறுவை எம் பக்கம் அரிது. ஒரு போகச் சம்பாதான். ஆழ்துளைக் கிணறு தோண்டலாமே எனில், கடலோரத்து நிலத்தடி நீர் உப்பு. ஆற்றில் வருவதும் வானத்தினின்று விழுவதுமே எமக்கு நீர்.

பத்து மா நிலம், அதாவது அரை வேலி. அத்தா அதன் கணக்கை ஒரு நீள நோட்டில் எழுதி வந்தார். விதை, எரு, நடவு, களை, அறுப்பு எனப் பல கட்டங்கள். கடைசிக் கட்டத்தின் தலைப்பு ‘உஷ்ர்’. விளைச்சலின் ஸகாத்தே உஷ்ர். வானமும் ஊற்றும் ஆறும் தாமே நீரூட்டிய விளைச்சலில் பத்தில் ஒன்று. மனிதன் உழைத்து இறைத்துப் பாய்ச்சியதில் இருபதில் ஒன்று. இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் நபிமொழி வகுத்த அளவு இது. அறுவடை நாளிலேயே அதற்குரிய பங்கைக் கொடுத்துவிடுமாறு திருமறையின் ஆறாம் அத்தியாயமும் பணிக்கிறது. ஹனபி மத்ஹபில் சாகுபடிச் செலவைக் கழித்துக்கொள்ளவும் இடமில்லை.

1986-ஆம் ஆண்டுப் பக்கத்தில், கண்டுமுதல் 72 மூட்டை, உஷ்ர் 7 மூட்டை 5 மரக்கால் என்றிருக்கிறது. மூட்டைக்கு 2 கலம், கலத்துக்கு 12 மரக்கால். கணக்குப்படி ஐந்து மரக்காலுக்குச் சற்றுக் குறையவே வரும். அத்தா அதை முழுதாக்கியிருக்கிறார். களத்தில் பொலி தூற்றி முடிந்ததும், அறுத்தவர்களின் கூலி நெல் முதலில் அளக்கப்படும்; அடுத்து உஷ்ர்; அதன் பின்னரே எம் வீட்டுக்கான மூட்டைகள் தைக்கப்படும். கூலியையும் உஷ்ரையும் ஒன்றாகக் கலந்து பேசுவாரை அத்தாவுக்குப் பிடிக்காது. கூலி அவர்கள் உழைப்பு, உஷ்ர் அல்லாஹ்வின் பங்கு, இரண்டிலும் தமக்கு உரிமையில்லை என்பார்.

இங்கே ஓர் இடைப்பிறவரல். உமறுப்புலவர் சீறாப்புராணத்து நாட்டுப் படலத்தில் அரபு நாட்டை வருணிக்கும்போது, நம் மருத நிலத்து உழவையும் நடவையும் அங்கே கொண்டுபோய் வைத்தார். அதைக் கவிமரபு என்று பாடம் நடத்திவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பேரீச்சை விளையும் நாட்டிலிருந்து வந்த ஒரு சட்டம் எங்கள் களத்தில் மரக்காலால் அளக்கப்பட்டதைக் கண்டு வளர்ந்த எமக்கு, உமறு செய்தது வெறும் மரபென்று தோன்றுவதில்லை.

1990-களின் தொடக்கத்தில் இறால் பண்ணைக்கு நிலம் கேட்டு ஆட்கள் வந்தனர். தருவதாகச் சொன்ன தொகை எம் வீட்டாரை இரண்டு இரவுகள் உறங்கவிடவில்லை. உப்புநீர் ஏறிய மண்ணில் பிறகு எதை அளப்பது என்று கேட்டு அத்தா மறுத்துவிட்டார். சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராக 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தபோது, அத்தா அச்செய்தியைக் கத்தரித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

அத்தா 2012 மே மாதம் வபாத்தானார். அவ்வாண்டு மேட்டூர் அணை திறக்கப்பட்டது செப்டம்பர் 17-இல். வழக்கமான நாள் ஜூன் 12. கல்லூரிப் பணியிலிருந்த யாம் வார விடுமுறைகளில் ஊருக்கு ஓடி நிலத்தைக் கவனித்தோம். வாய்க்காலில் நீர் வந்தது. ஆனால் வயல் மட்டத்துக்குக் கீழேயே ஊர்ந்தது. மடையைத் திறந்தால் பாயவில்லை. வாடகைக்கு எஞ்சின் பிடித்து, டீசல் ஊற்றி, இரவு பகலாக இறைத்தோம். 2013 பிப்ரவரியில் கண்டுமுதல் 60 மூட்டை. முந்தைய ஆண்டு 70.

உஷ்ர் அளக்கும் முன் ஹஜ்ரத்தை அணுகிக் கேட்டோம். இந்திய நிலங்களுக்கு உஷ்ர் உண்டா என்பதிலும், நீர்வரி செலுத்தும் கால்வாய்ப் பாசனத்துக்கு எது அளவு என்பதிலும் உலமாக்களிடையே பேச்சு உண்டு. அவற்றையெல்லாம் சொல்லிவிட்டு அவர், “பெரும்பாலும் இறைச்சுத்தானே பாய்ச்சுனீங்க? அப்ப இருபதுல ஒண்ணு” என்றார். எமக்கு மகிழ்ச்சியே. டீசல் கடன் தலைமேல் இருந்தது. ஆறு மூட்டைக்கு மாறாக மூன்று.

வழக்கமாய் உஷ்ர் பெறும் வீடுகள் ஆறு. ஒவ்வொன்றுக்கும் ஒரு மூட்டை சென்ற இடத்தில் அரை மூட்டை சென்றது. வயலை ஒட்டிய தெருவில், கணவரை இழந்த அம்மையார் ஒருவர் மகளுடன் வாழ்ந்து வந்தார். யாம் கொண்டுபோன சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, வெளச்சல் கொறஞ்சுபோச்சா?” என்று கேட்டார்.

“ஆமாம்” என்றோம்.

விளைச்சல் குறைந்தது பத்து மூட்டை. அவருக்குக் குறைந்தது பாதி. சட்டத்தைச் சொல்லியிருக்கலாம், அதில் இழிவொன்றுமில்லை. அத்தாவின் பத்தில் ஒன்றை நாம் இருபதில் ஒன்றாக்கினோம் என்று அத்தெருவில் சொல்ல நாணினோம், அவ்வளவே. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நடந்ததைக் கூறினோம். “ஹஜ்ரத் சொன்னது சரி. நீ சொன்னதுதான் சரியில்லே” என்றார்கள். அதன்மேல் ஒன்றும் பேசவில்லை.

அடுத்த ஆண்டுகளும் அப்படியே கழிந்தன. 2016-இல் விதைத்தது கதிர் காணாமலே கருகியது. 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. உஷ்ர்க் கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இட்டோம். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் தென்னைகளை வேரோடு சாய்த்தது. வெளிநாட்டிலுள்ள தமையனார் நிலத்தை விற்றுவிடலாம் என்று தொலைபேசியில் கூறினார். அம்மா மறுத்தார்கள்; காரணம் சொல்லவில்லை. அந்த அம்மையார் 2019-இல் வபாத்தானார். அப்போது யாம் தேர்வுப் பணியில் வெளியூரில் இருந்தோம்.

எட்டாண்டுகளுக்குப் பின் 2020-இல் மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்தது; 2021-லும் அந்நாளிலேயே. அவ்விரண்டாம் ஆண்டு மடையை வெட்டியதும் நீர் தானே வயலேறியது. எஞ்சின் தேவைப்படவில்லை. எனவே மீண்டும் பத்தில் ஒன்று.

ஆனால் களம் இல்லை. அறுவடை இயந்திரம் ஒரு முற்பகலில் அறுத்து, அடித்து, நெல்லை டிராக்டரில் கொட்டிவிடுகிறது. அது நேரே கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. அங்கே 40 கிலோச் சிப்பம். பணம் வங்கிக் கணக்கில். பொலியும் இல்லை, மரக்காலுக்கும் வேலையில்லை. 2022 பிப்ரவரியில் அம்மாவின் சொற்படி உஷ்ர் மூட்டைகளை மட்டும் இறக்கி வீட்டுத் திண்ணையில் அடுக்கினோம்.

அம்மையாரின் மகள் வந்தார். நெல்லைத் தயங்கிப் பார்த்தார். “அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. இத அவிக்க எடமில்லே, மில்லுக்கும் தூரம். ரேஷன்ல அரிசி வருது. பணமாக் குடுத்தா பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு ஆகும்.” விளைச்சலின் மதிப்பைப் பணமாகக் கொடுக்க மத்ஹபில் அனுமதி உண்டு. அவ்வாண்டுக் கொள்முதல் விலை, பொது ரகத்துக்குக் குவிண்டால் 2,015 ரூபாய். ஒரு மூட்டைக்குரியதைக் கணக்கிட்டு, அதன்மேல் இன்னும் அரை மூட்டையின் விலையையும் சேர்த்துக் கொடுத்தோம்.

எண்ணிப் பார்த்தவர், கூடுதலாயிருக்கிறதே என்றார்.

“பழைய பாக்கி” என்றோம். எந்தப் பாக்கி என்று கேட்டார். வேறு வழியின்றி 2013-இல் நடந்ததைச் சொன்னோம். விளைச்சல் குறைந்ததென்று அவர் அம்மாவிடம் கூறியதையும் சொன்னோம்.

அவர் சிரித்துவிட்டார். “அம்மாவுக்கு அப்பவே தெரியுமேண்ணே. ராத்திரியெல்லாம் ஒங்க எஞ்சின் சத்தம் எங்க வூட்டுக்குக் கேட்டுச்சுல்ல. ‘எறைச்ச தண்ணி, இந்த வருசம் பாதிதான்’னு நீங்க வர்றதுக்கு முன்னாடியே சொல்லிச்சு” என்றார்.

கூடுதல் தொகையைப் பிரித்துத் திண்ணையில் வைத்துவிட்டு அவர் எழுந்தார். அம்மா உள்ளிருந்து வந்து, அதை எடுத்து மீண்டும் அவர் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்கள்.