பெடல் ஏன் மேலே வரவில்லை?

கிளட்ச் என்றால் என்ன என்று வைவாவில் கேட்டால் நம்மில் யாரும் திணறமாட்டோம். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் வேண்டும்போது சேர்க்கவும், வேண்டாதபோது பிரிக்கவும் உதவும் சாதனம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம். படம் வரைந்து பாகம் குறித்தால் மார்க் நிச்சயம். ஆனால் ஒரு பழைய காரில் மிதித்த பெடல் மேலே வராமல் பாதியிலேயே நின்றுவிட்டால், எங்கிருந்து தேட ஆரம்பிப்பது? எங்கள் வீட்டு வாசலில் இந்தக் கேள்விக்கு நான் பதில் தேடிய கதையைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பா லாரியில் கிளீனராகப் போய் டிரைவர் ஆனவர். சித்தப்பா சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலை எடுத்து, ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்பவர். அதற்காக அவர் வாங்கிய பழைய வண்டிதான் 1998 மாடல் மாருதி 800. 1983 டிசம்பரில் ரோட்டுக்கு வந்து, 2014-இல் தயாரிப்பு நின்றுபோன அந்த 796 சி.சி. மூன்று சிலிண்டர் வண்டியை உங்களில் பலருக்கும் தெரிந்திருக்கும்.

அந்த வண்டியின் கிளட்ச் பெடல் முதலில் கனத்தது. பிறகு மெதுவாக மேலே வந்தது. கடைசியில் சித்தப்பா பாதத்தைப் பெடலுக்கு அடியில் விட்டுத் தூக்கிவிட வேண்டியதாயிற்று. சிறுமலைக்கு ஏறும் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே ஒரு வளைவில் கிளட்ச் பாதியில் நின்றால் எஞ்சின் கத்தும், வண்டி ஏறாது, பின்னால் பஸ் வரும். நினைத்தாலே பயமாக இருக்கிறது அல்லவா?

காட்டிய இடத்தில், "கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச் செட்டையே மாத்தணும்ணே" என்றார்கள். சொன்ன தொகையைக் கேட்டதும் சித்தி பேசாமல் காதுத் தோட்டைக் கழற்றி வைத்துவிட்டார். அப்பாதான், "இருங்க, இவன் இதத்தான படிக்கிறான். பாத்துச் சொல்லட்டும்" என்றார். நண்பர்களே, 'படிச்சவன்' என்ற சொல் எங்கள் வீட்டில் எவ்வளவு கனமானது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இந்த வண்டியில் கிளட்ச் கேபிளால் இயங்குகிறது. பெடலை மிதித்தால் கேபிள் கியர்பாக்ஸ் மேலுள்ள லீவரை இழுக்கும். லீவர் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும். பேரிங் டயஃப்ரம் ஸ்பிரிங்கை அமுக்கும். காலை எடுத்ததும் அதே டயஃப்ரம்தான் எல்லாவற்றையும் திருப்பித் தள்ளி, கேபிள் வழியாகப் பெடலை மேலே கொண்டுவரும். ஆக, பெடலிலோ, கேபிளிலோ, லீவருக்கு உள்ளேயோதான் கோளாறு இருக்க வேண்டும். மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்துவிட்டால் ஆயிற்று!

முதலில் கால் மிதியை எடுத்து வெளியே போட்டேன். சிரிக்காதீர்கள், மிதி மடங்கிப் பெடலில் மாட்டிக்கொள்வதும் உண்டு. பிறகு கியர்பாக்ஸ் பக்கம் அட்ஜஸ்டிங் நட்டைத் தளர்த்திக் கேபிளைக் கழற்றினேன். இப்போது பெடலைக் கையால் ஆட்டினால் ஊஞ்சல்போல் ஆடியது. பெடல் நல்லது. அடுத்து லீவரை ஒரு நீளமான கம்பியால் நெம்பிவிட்டேன். 'டப்'பென்று திரும்பி வந்தது. உள்ளேயும் சிக்கல் இல்லை. கேபிளின் இரு முனையையும் பிடித்து உள்கம்பியை இழுத்தபோது பாதி வழியில் சிக்கி நின்றது. திருடன் அகப்பட்டான்!

"கேபிள் மாத்தினாப் போதும் சித்தப்பா" என்றேன். டார்ச் பிடித்துக்கொண்டிருந்த அப்பா உடனே, "ஏண்டா, போன தீபாவளிக்குத்தானடா புதுசு போட்டோம்?" என்றார்.

அந்த ஒரு கேள்வி என்னை நிறுத்திவிட்டது. வருடக் கணக்கில் உழைக்க வேண்டிய கேபிள் ஒரு வருடத்தில் ஏன் போனது? ஆக்சா பிளேடால் வெளிக்கூட்டை அறுத்துப் பார்த்தேன். உள்ளே இருந்த பிளாஸ்டிக் உறை உருகி, கம்பியோடு ஒட்டிப்போயிருந்தது. துரு இல்லை, தேய்மானம் இல்லை. சூடு! கிளட்ச் கேபிளுக்கு ஏது அவ்வளவு சூடு?

அதற்கும் அப்பாதான் வழிகாட்டினார். "காலையில ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துத்தான் சுத்தும்" என்றார். எலக்ட்ரிக்கல் லேப் சட்டென்று நினைவுக்கு வந்தது. ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியர் அளவில் கரண்ட் இழுக்கும். அந்தக் கரண்ட் பேட்டரிக்குத் திரும்ப, எஞ்சினிலிருந்து நல்ல எர்த் வேண்டும். எர்த் ஒயர் சரியில்லாவிட்டால் கரண்ட் சும்மா இருக்குமா? எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் வேறு எந்த உலோகம் கிடைத்தாலும் அதன் வழியே பாயும். கிளட்ச் கேபிள் அப்படி ஒரு குறுக்குப்பாதை.

வண்டியை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையைப் பேட்டரி நெகட்டிவிலும் வைத்தேன். சித்தப்பா சாவியைத் திருப்பினார். மீட்டர் 1.8 வோல்ட் காட்டியது. எர்த் நன்றாக இருந்தால் 0.2-க்குள் இருக்க வேண்டும். கியர்பாக்ஸில் போல்ட் போட்டிருந்த எர்த் முனையைக் கழற்றினால், ஒரே பச்சைப் பாசம்! எமரித் தாளால் தேய்த்து இறுக்கியதும் மீட்டர் 0.1 காட்டியது. ஸ்டார்ட்டரும் விறுவிறுவென்று சுற்றியது.

பிறகுதான் புதுக் கேபிள் போட்டு, ஃப்ரீ பிளே வைத்தோம். ஃப்ரீ பிளே இல்லாவிட்டால் கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கி, பிளேட் தேய்ந்துவிடும். கேபிளுக்கு ஆன செலவு ஒரு சுங்குடிச் சேலையின் விலைகூட இல்லை. சித்தியின் தோடு காதுக்கே திரும்பியது.

ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள வண்டியானாலும் இதே முறைதான். அங்கே கேபிளுக்குப் பதில் மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர், ரப்பர் ஹோஸ். பழைய ஹோஸ் உள்ளே ஊதிப்போனால் ஆயில் போகும், திரும்பி வராது. பெடலை மிதித்துவிட்டு ஸ்லேவின் பிளீடர் நிப்பிளைத் திறந்து பாருங்கள். அழுத்தம் விட்டதும் லீவர் திரும்பினால் கோளாறு மேலே. திரும்பாவிட்டால் ஸ்லேவிலோ கிளட்ச்சிலோ தேட வேண்டும்.

கேபிளில் எண்ணெய் விட்டால் பெடல் இரண்டு நாள் நன்றாகத்தான் வரும். உருகிய உறைக்கும் கெட்ட எர்த்துக்கும் எண்ணெய் என்ன செய்யும்? ஆகவே நண்பர்களே, எந்தப் பாகத்தை மாற்றினாலும், கழற்றிய பழைய பாகத்தைத் தூக்கி எறியுமுன் அது ஏன் கெட்டது என்று ஒருமுறை கேளுங்கள். வண்டியைத் தினமும் ஓட்டுகிறவரிடமும் கேளுங்கள். எனக்கு மீட்டர் பிடிக்கத் தெரிந்தது. எங்கே பிடிப்பது என்பதை, பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காத என் அப்பாவின் ஞாபகம் சொன்னது. அடுத்த வருடம் ஆட்டோமொபைல் லேபுக்கு வரப்போகும் தம்பி தங்கைகளே, ரெக்கார்டு நோட்டில் 'பழுது' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'காரணம்' என்று இன்னொரு கட்டமும் போட்டுக்கொள்ளுங்கள்!

– மூன்றாமாண்டு, ஆட்டோமொபைல் பிரிவு