முகப்பு விளக்கில் படரும் ஈரம்

ஐப்பசி பிறந்துவிட்டால் காஞ்சியிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் தறிக்குழிகளில் நீர் ஊறத் தொடங்கும். தெருவில் பாவு நீட்ட வழியின்றி நெசவாளர் குடும்பங்கள் வானத்தைப் பார்த்துக் காத்திருக்கும். முசரவாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு அந்நாட்களில் வேறொரு கவலையும் உண்டு. அண்ணனுடைய வாடகைக் காரின் முகப்பு விளக்குகளுக்குள் ஈரம் படிவதே அது. நள்ளிரவில் பிரசவ வலியென்றோ மூச்சுத் திணறலென்றோ அக்கம்பக்கத்தார் கதவைத் தட்டினால், காஞ்சிக்கு ஓடவேண்டியது அந்தக் கார்தான்.

ஈரம் படிந்த விளக்கு மங்கலாக எரிகிறது என்பதோடு இது முடிவதில்லை. உட்புறத்தில் ஒட்டிய ஒவ்வொரு துளியும் ஒளியைத் திசைக்கொன்றாகச் சிதறடிக்கிறது. சாலையோரம் மிதிவண்டியை உருட்டிச் செல்பவர் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. எதிரே வருபவருக்கோ கண் கூசுகிறது. மழை இரவில் இவ்விரண்டும் சேர்ந்தால் என்ன நேரும் என்பதை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

“முழு விளக்கையும் மாற்றிவிடுங்கள் சார்” என்றார் பட்டறைக்காரர் ஒருவர். “சுற்றிலும் சிலிக்கான் பூசி அடைத்துவிட்டால் போயிற்று” என்றார் மற்றொருவர். இரண்டையும் அண்ணன் ஏற்கவில்லை. அவர் செய்தது சரியே என்பது என் துணிபு.

அமெரிக்காவில் 1940 முதல் பல்லாண்டுகள் வழக்கில் இருந்த ‘சீல்டு பீம்’ விளக்கில் கண்ணாடியும் பிரதிபலிப்பானும் ஒரே கூடாக மூடப்பட்டிருந்தன. இழை அறுந்தால் விளக்கையே மாற்ற வேண்டும்; ஆனால் ஈரம் புக வழியில்லை. பல்பை மட்டும் மாற்றக்கூடிய இக்காலத்து விளக்கோ மூச்சு விடுகிறது! எரியும்போது உள்ளிருக்கும் காற்று சூடாகி விரிந்து, பின்புறக் காற்றுத் துளைகளின் வழியே வெளியேறும். அணைத்துக் குளிர்ந்ததும் வெளிக்காற்றை உள்ளிழுக்கும். அக்காற்றிலுள்ள நீராவி, குளிர்ந்திருக்கும் முன்முகப்பில் மெல்லிய பனியாகப் படியும். சிறிது நேரம் விளக்கெரிய ஓட்டியதும் அது மறைந்துவிடுமானால் பழுது ஏதுமில்லை. அந்தத் துளைகளையும் சேர்த்து அடைப்பவர், உள்ளே உள்ள ஈரத்தைச் சிறைவைக்கிறார்.

சொட்டுகளாக வழிந்து அடியில் நீர் தேங்குமானால் அது வேறு கதை. 2015 டிசம்பர் முதல் நாளிலும் மறுநாள் காலையிலுமாக, அன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த தாம்பரத்தில் ஒரே நாள் கணக்கில் 49 செ.மீ. மழை கொட்டியது. அத்தகைய வெள்ளத்தில் விளக்கெரிய வண்டியை இறக்கினால், சூடான கூடு சட்டென்று குளிர்ந்து, காற்றுக்குப் பதிலாகத் தண்ணீரையே உறிஞ்சிவிடும். வெள்ளம் இல்லாத நாளிலும் வாட்டர் சர்வீஸில் பீய்ச்சும் நீர், வெடித்த ரப்பர் வழியே நுழையக்கூடும். நான் கண்டவரையில் பெரும்பாலும் குற்றவாளி பின்புற ரப்பர் மூடிதான். பல்பு மாற்றியவர் அதைச் சரியாகப் பொருத்தாமல் விட்டிருப்பார். அல்லது வால் நீண்ட எல்.இ.டி. பல்பைத் திணிப்பதற்காக மூடியை வெட்டியிருப்பார். இந்த வெட்டும் வேலையைக் கண்டாலே எனக்குக் கோபம் வரும்.

அண்ணன் விளக்கைக் கழற்றி, பல்பையும் மூடிகளையும் எடுத்துவிட்டு, இளவெயிலில் நன்றாக உலர வைத்தார். பிரதிபலிப்பானைத் துணியால் துடைக்க அவர் யாரையும் விடவில்லை. அதன் அலுமினியப் பூச்சு மிக மெல்லியது, தேய்த்தால் போய்விடும். பின் திறப்புகளை எல்லாம் தற்காலிகமாக அடைத்து, ஒரு துளையில் குழாய் வைத்து மெதுவாக ஊதினார். அண்ணி விளிம்பைச் சுற்றிச் சோப்பு நீரைத் தடவினார். இடப்பக்க விளக்கின் கீழ் மூலையில், முகப்பும் கூடும் சேருமிடத்தில் நுரை கொப்பளித்தது. வலப்பக்கத்தில் மூடியின் ரப்பர் வளையம் விறைத்துப் போயிருந்ததே குறை. புது வளையம் போட்டதும் தீர்ந்தது.

இடப்பக்கத்தில் கசிந்த இடத்துப் பழைய பசையைச் சுரண்டி, பியூட்டைல் பசையை அழுத்தி நிரப்பினார். சிலிக்கான்தான் கிடைக்கிறதென்றால், காடி நெடியடிக்கும் வகையைத் தவிர்த்து, நெடியற்ற ‘நியூட்ரல்’ வகையைக் கேட்டு வாங்குவது நன்று. காடி ஆவி உள்ளே பரவினால் பளபளப்புப் பூச்சைக் கெடுக்கும். ஈரம் வடியட்டும் என்று முகப்பின் அடியில் துளை போடுவோரும் உண்டு. நீர் வடியும் வழியே புழுதியும் பூச்சியும் ஏறும் அன்றோ?

பசை இறுகியபின், மாட்டுவதற்கு முன்பே, வாளியால் நீரூற்றிப் பார்த்தோம். உள்ளே ஒரு சொட்டும் இல்லை. அன்று மாலை காரைச் சமதரையில் நிறுத்தி, எதிர்ச் சுவரில் இரு விளக்குகளின் ஒளியும் ஒரே உயரத்தில் விழும்வரை திருகாணியைத் திருப்பிக்கொண்டிருந்தார் அண்ணன். கழற்றி மாட்டிய விளக்கின் நோக்கு சற்றே உயர்ந்துவிட்டாலும் எதிரே வருபவரின் கண்ணில்தான் போய் விழும். இருட்டிய பிறகுதான் அந்த வேலை முடிந்தது.