துரைக்கு அனுப்பிய டேபிள்

போன ஞாயிற்றுக்கிழமை பையன் லேப்டாப்பில் ஏதோ அமெரிக்கன் ஃபுட்பால் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னாடி நின்று, "இது நாலாவது சான்ஸ், உதைக்க மாட்டான் பாரு, ஓடுவான்" என்றேன். திரும்பிப் பார்த்து, "அப்பா, உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று கேட்டான். தெரியும்டா. தெரிந்துகொண்ட லட்சணத்தில் ஒரு தடவை பன்னிரண்டு பேர் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தேன்.

2005 டிசம்பர். புனேக்கு வந்து மூன்றாவது வருஷம். எங்கள் கிளையன்ட் டெக்சாஸில், ஆஸ்டின் நகரத்தில். தினமும் ராத்திரி எட்டரைக்கு கால். அந்தப் பக்கத்து மேனேஜருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் துரை. வேலையைத் தவிர வேறு பேச்சே கிடையாது. அந்த டிசம்பரில் மட்டும் மனுஷன் வேறு ஆளாகிவிட்டார். அவர் படித்த டெக்சாஸ் பல்கலைக்கழகம் தேசிய சாம்பியன்ஷிப் ஆட்டத்துக்கு வந்திருந்தது. எதிரணி, லாஸ் ஏஞ்சலீஸின் யுஎஸ்சி. ஆட்டம் 2006 ஜனவரி 4, பாசடீனாவில் இருக்கும் ரோஸ் பௌல் மைதானத்தில், அதாவது யுஎஸ்சிக்குப் பக்கத்து ஊரில்.

ஒரு நாள் கால் முடியும்போது துரை சிரித்துக்கொண்டே, "நீங்கள் எல்லாம் கணக்குப் புலிகளாச்சே, இரண்டு அணியையும் ஒப்பிட்டு யார் ஜெயிப்பார்கள் என்று சொல்லுங்களேன்" என்றார். சும்மா சொன்னதுதான். ஆனால் கிளையன்ட் வாயிலிருந்து வந்தால் நமக்கு அது ரிக்கொயர்மென்ட் ஆச்சே! உட்கார்ந்துவிட்டேன்.

விளையாட்டே தெரியாது. முதல் இரண்டு நாள் விதிகளுக்கே போனது. நாலு சான்ஸில் பத்து கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நாலு சான்ஸ், இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி. கொஞ்சம் கபடி, கொஞ்சம் சதுரங்கம், நிறைய முட்டல் மோதல். (வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கா ஹெல்மெட்டு? நம்ம ஊர் கபடிக்காரங்க வெறும் உடம்போட ஆடறாங்க" என்றார்.) யார் யார் மோதுவது என்பதை அப்போது இரண்டு வாக்கெடுப்புகளும் ஆறு கம்ப்யூட்டர் கணக்குகளும் சேர்ந்து முடிவு செய்யும். இன்று அந்த முறை இல்லை. 2024 சீசனிலிருந்து 12 அணிகள் நாக்-அவுட் ஆடுகின்றன. ஆனால் 2005-ல் கம்ப்யூட்டருக்கே வேலை வைக்கவில்லை. இரண்டு அணியும் 12-க்கு 12 ஜெயித்து வந்திருந்தன.

எக்ஸெல்லில் டேபிள் போட்டேன். யுஎஸ்சி தொடர்ந்து 34 ஆட்டம் தோற்காத அணி, நடப்புச் சாம்பியன். டெக்சாஸ் தொடர்ந்து 19. நாட்டிலேயே சிறந்த கல்லூரி வீரருக்குக் கொடுக்கும் ஹைஸ்மன் கோப்பையை 2004-ல் வாங்கிய மேட் லைனார்ட்டும், 2005-ல் வாங்கிய ரெஜி புஷ்ஷும் ஒரே அணியில், யுஎஸ்சியில். அந்த 2005 கோப்பைக்கு இரண்டாவதாக வந்தவர் டெக்சாஸின் வின்ஸ் யங். அடிக்கும் புள்ளி இரண்டு பேருக்கும் ஆட்டத்துக்குச் சராசரி 50-ஐ ஒட்டி. விட்டுக்கொடுத்த புள்ளியில்தான் வித்தியாசம்: டெக்சாஸ் 15-ஐ ஒட்டி, யுஎஸ்சி 20-க்கு மேல். ஃபிரெஸ்னோ ஸ்டேட் அணியிடம் மட்டும் 42 விட்டிருந்தார்கள். 50 அடித்ததால் தப்பித்தார்கள்.

ஒவ்வொரு வரிக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டினேன். யுஎஸ்சி ஜெயிக்கும். கலர் எல்லாம் அடித்து துரைக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் ஆஸ்டினிலிருந்து எங்கள் ஆன்சைட் கோஆர்டினேட்டர், மதுரைக்காரர், போன் பண்ணினார். "ஏன் தம்பி, உனக்கு கோட்டி புடிச்சிருக்கா? அடுத்த வருஷ கான்ட்ராக்ட்ல அந்தாளு இன்னும் கையெழுத்துப் போடல. அவரு காரு ஆரஞ்சு, சட்டை ஆரஞ்சு. அவருகிட்டப் போய் யுஎஸ்சின்னு எழுதியிருக்க. டெக்சாஸ்னு எழுதினா உன் சொத்தா கொறைஞ்சிரும்?"

வயிற்றைக் கலக்கியது. டீமில் பாதிப் பேர் கல்யாணம் ஆகி, லோன் போட்டவர்கள். எனக்கே வீட்டில் ஒன்பது மாதக் குழந்தை, இந்த லேப்டாப் பையன்தான். 'மன்னிக்கவும், கூட்டலில் தப்பு' என்று ஒரு மெயில் டைப் அடித்து, அனுப்பாமல் வைத்திருந்தேன்.

புத்தாண்டு கழித்து துரையின் பதில் வந்தது. இரண்டே விஷயம். ஒன்று, 2005 ஜனவரியில் இதே மைதானத்தில் மிச்சிகனை 38-37 என்று வென்ற ஆட்டத்தில் வின்ஸ் யங் 192 கஜம் ஓடியதை நான் சேர்க்கவில்லை. இரண்டாவதுதான் சுருக்கென்றது: உன் டேபிளை நீயே படிக்கவில்லை. அடிப்பதில் சமம், விடுவதில் டெக்சாஸ் குறைவு என்று நீயே எழுதிவிட்டு, கோப்பைகளை மட்டும் மூன்று இடத்தில் எண்ணியிருக்கிறாய்.

போய்ப் பார்த்தேன். நிஜம்தான். 'தனிநபர் விருது' ஒரு வரி, 'நட்சத்திர வீரர்கள்' ஒரு வரி, 'பெரிய ஆட்ட அனுபவம்' ஒரு வரி. மூன்றிலும் அதே இரண்டு பேர். பேர் பெத்த ஆட்களைப் பார்த்ததும் என் கணக்குப் புத்தி கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டது. கான்ட்ராக்ட் பற்றி மெயிலில் ஒரு வார்த்தை இல்லை.

நமக்கு ஜனவரி 5, வியாழக்கிழமை காலை. கம்ப்யூட்டரில் வரிவரியாக ஸ்கோர் வர, மடியில் பையன். இடைவேளையில் டெக்சாஸ் 16-10. கடைசியில் ஏழு நிமிஷம்கூட இல்லாதபோது யுஎஸ்சி 38-26. ஜெயித்தால் என் டேபிள் சரி, ஆனால் கான்ட்ராக்ட்? வாழ்க்கையிலேயே முதல் தடவையாக என் கணக்கு தப்பாகணும் என்று வேண்டிக்கொண்டேன். நாலு நிமிஷம் இருக்கும்போது யங் ஓடி 38-33. பிறகு யுஎஸ்சிக்கு நாலாவது சான்ஸ், தேவை இரண்டே கஜம். எடுத்திருந்தால் கதை முடிந்தது. பந்தை லென்டேல் வைட்டிடம் கொடுத்தார்கள், டெக்சாஸ் தடுத்தது. நான் மூன்று வரியில் எண்ணிய ரெஜி புஷ் அப்போது களத்திலேயே இல்லை, வெளியே நின்றிருந்தார்!

மிச்சம் 19 விநாடி. டெக்சாஸுக்கு நாலாவது சான்ஸ், ஐந்து கஜம் தேவை. யாருக்கும் பாஸ் கொடுக்காமல் யங்கே வலது ஓரமாக ஓடிக் கோட்டைத் தாண்டினார். 41-38. ஓடியது 200 கஜம், எறிந்தது 267.

அன்று ராத்திரி காலில் துரைக்குக் குரல் கட்டிப்போயிருந்தது. கான்ட்ராக்ட் அந்த மாதக் கடைசியில் கையெழுத்தானது. (ஆட்டத்தால் அல்ல, ஆரம்பத்திலிருந்தே அது முடிவான விஷயம் என்று மதுரைக்காரர் பிற்பாடு ஒத்துக்கொண்டார்.) 2007-ல் முதல் தடவை ஆஸ்டின் போனபோது துரையின் க்யூபிக்கிளில் என் டேபிள், கலரோடு, பின் குத்தித் தொங்கியது. மொத்தம் போட்டிருந்த கட்டத்தின் மேல் ஆரஞ்சுப் பேனாவில் 41-38.

அப்புறம் ரெஜி புஷ் குடும்பம் விதிக்குப் புறம்பாகச் சலுகை வாங்கியது என்று விசாரணை முடிந்து, 2010-ல் யுஎஸ்சிக்குத் தண்டனை வந்தது. அந்த சீசனின் 12 வெற்றிகளும் ஏட்டிலிருந்து அடிக்கப்பட்டன. புஷ் ஹைஸ்மனைத் திருப்பிக் கொடுத்தார். 2024-ல்தான் அவருக்குத் திரும்பக் கிடைத்தது. தோல்வியை மட்டும் அடிக்கவில்லை. அந்தச் செய்தி வந்தபோது துரை ஒரு வரி மெயில் அனுப்பினார்: "உன் டேபிளைத் திருத்திக்கொள். யுஎஸ்சி, 2005 சீசன்: வெற்றி 0, தோல்வி 1."