48 மணி நேரத்தில் காலியான ஊர்!

லாஸ் ஏஞ்சலிஸ் துறைமுகத்தில் இருக்கிறது டெர்மினல் தீவு. இன்று அங்கே போனால் கன்டெய்னர்களும் லாரிகளும்தான் கண்ணில்படும். 1942 வரை சுமார் 3,000 ஜப்பானியர்கள் வாழ்ந்த மீனவர் ஊர் அது. அங்கே பிறந்தவர்கள் அதை ‘ஃபுருசாட்டோ’ என்பார்கள். நம் பாஷையில், சொந்த ஊர்.

பலரும் ஜப்பானின் வகாயாமா பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆண்கள் கடலுக்குப் போய் சூரையும் மத்தியும் பிடித்து வருவார்கள். படகு வந்ததும் மீன் டப்பா கம்பெனியில் சங்கு ஊதும். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு சத்தம். நடுராத்திரியானாலும், ‘இது நம்ம சங்கு’ என்று கண்டுபிடித்து பெண்கள் வேலைக்கு ஓடுவார்கள். குடியிருந்ததும் கம்பெனி வீடுகளில்தான்.

1941 டிசம்பர் 7-ல் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டது. அடுத்தடுத்து வீட்டுப் பெரியவர்களை எஃப்.பி.ஐ. பிடித்துக்கொண்டு போனது. பிப்ரவரி கடைசியில் உத்தரவு வந்தது: 48 மணி நேரத்தில் ஊரைக் காலி செய்ய வேண்டும்! பிள்ளைகளில் பெரும்பாலோர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். அதையெல்லாம் யார் பார்த்தார்கள்?

பழைய சாமான் வியாபாரிகள் தெருவில் மொய்த்தார்கள். அப்போது சிறுமியாக இருந்த ஜீன் வகாட்சுகி பின்னாளில் ஒரு காட்சியை எழுதினார். அருமையான பீங்கான் தட்டுகளுக்கு அடிமாட்டு விலை கேட்டதும், அவர் அம்மா ஒன்றும் பேசாமல் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தரையில் வீசி உடைத்தாராம்.

பலரும் மான்சனார் முகாமுக்குப் போனார்கள். போர் முடிந்து வந்தபோது ஊரே இல்லை. வீடு, கோயில் எல்லாம் இடிக்கப்பட்டிருந்தன.

1971-ல் அந்த ஊர்க்காரர்கள் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். புத்தாண்டுக்கு ஒரு விருந்து, அப்புறம் ஒரு பிக்னிக். 2002-ல் தீவிலேயே நினைவுச் சின்னம் எழுந்தது: இரண்டு வெண்கல மீனவர்கள், ஒரு தோரி வாயில். டூனா தெருவில் மிஞ்சியிருப்பவை இரண்டு பழைய கடைக் கட்டடங்கள். ஆபத்திலிருக்கும் வரலாற்று இடங்கள் பட்டியலில் 2025-ல் அவை சேர்ந்தன.

கட்டடத்தையாவது காப்பாற்றலாம், பேச்சை எப்படிக் காப்பாற்றுவது? வகாயாமா வட்டார வழக்கில் ஆங்கிலத்தைக் கலந்து அவர்களுக்கென்று ஒரு பாஷை இருந்தது. ‘நாங்கள்’ என்பதற்கு ‘மீ-ரா’, ‘நீங்கள்’ என்பதற்கு ‘யூ-ரா’. வெளியூர் ஜப்பானியர்களுக்கு அது முரட்டுப் பேச்சு. பிக்னிக்கில் சந்தித்துக்கொள்ளும் பெரியவர்களுக்கோ, அதைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிடும்.